திசைதோறும் பிரிந்தும் ஒன்றாய் நின்றவர்

ஓரிடத்தில் கூடித் தொழில் புரிவோரிடையே நட்பும் ஒழுங்கும் வளர்வது இயல்பு. பிரிந்திருந்து ஒரே தொழிலைச் செய்வோரை எது பிணைப்பது? 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின்னர் இவ்வினா நம் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள கீழ்பென்னாத்தூரிலும், வீட்டில் கணிப்பொறியின் முன் தனித்தமர்ந்து தொலைநகர நிறுவனங்களுக்கு உழைக்கும் இளைஞரை நான் காண்கிறேன். ஊதியம் தவறாது வருகிறது. உடன் உழைப்போரின் முகந்தான் தெரிவதில்லை.

இவ்வினாவுக்கு நம் வரலாற்றில் ஒரு விடை உண்டு. இடைக்காலத்தில் தென்னகத்திலும் கடல் கடந்தும் வாணிகம் செய்த ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்னும் வணிகக் குழுவினரை எண்ணிப் பாருங்கள். சுமத்திராத் தீவின் மேற்குக் கரையிலுள்ள பாரூசில், 1088ஆம் ஆண்டில் அவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்திருக்கிறது. கப்பலில் வருவோர் செலுத்தவேண்டிய பொன்னைப்பற்றி அவர்கள் கூடியிருந்து எடுத்த முடிவை அது கூறுகிறது. தாயகத்திலிருந்து ஆணை வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இருந்த இடத்திலேயே அவை கூட்டினர்.

அவர்களைப் பிணைத்தவை மூன்று எனலாம். முதலாவது, பொதுப்பெயரும் புகழுரையும். கன்னட நாட்டு ஐகொளெயைத் தம் மூலவூராகப் போற்றிய அவர்கள், ஐயப்பொழில் பரமேசுவரியின் மக்கள் என்று எங்கும் தம்மைக் கூறிக்கொண்டனர். இரண்டாவது, பொதுக்கொடை. ‘பட்டணப்பகுடி’ என்ற பெயரில், விற்கும் சரக்கில் ஒரு பகுதியை அறத்துக்கென ஒதுக்கினர். பிரான்மலைக் கல்வெட்டு இத்தகைய சரக்குகளை வரிசையாக எண்ணிச் சொல்கிறது. மூன்றாவது, கூடும் இடம். பர்மாவின் பகானில் ‘நானாதேசி விண்ணகர்’ என்னும் திருமால் கோயில் இருந்தது. அதற்கு 13ஆம் நூற்றாண்டில் மண்டபமும் கதவும் விளக்கும் அளித்தவர் மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தினர். பல நாட்டு வணிகர் பெயரால் அமைந்த கோயிலுக்குத் தொலைநாட்டான் ஒருவன் விளக்கேற்றியது சிறப்பன்றோ!

ஒரு வேற்றுமையை மறத்தல் ஆகாது. ஐந்நூற்றுவர் கூலிக்கு உழைத்தவர் அல்லர். அவையில் சொல்லும் ஆக்கத்தில் பங்கும் உடையவர். எனவேதான் பிணைப்பு நிலைத்தது. இன்று தொலைவிலிருந்து பணிபுரிவோரை ‘நம் குடும்பம்’ என அழைக்கும் நிறுவனங்கள் இதனை எண்ணுதல் நலம். வாழ்த்துரையும் விழாவும் மட்டும் உறவை வளர்த்துவிடா. சொல்வதற்கோர் அவையும், பெறுவதற்கோர் பங்கும், எப்போதேனும் நேரிற் கூட ஓரிடமும் தந்தால், தொலைவு தானே குறையும்.