சான் லசார் நிலையமும் சிரம்பான் பாதையும்

தொழிற்புரட்சிக் காலத்து நகர வாழ்வை மாணவர்க்கு விளக்க முற்படும் ஆசிரியர், குளோது மோனே 1877ஆம் ஆண்டில் தீட்டிய சான் லசார் புகைவண்டி நிலைய ஓவியத்தைக் காட்டினால் பாதிப் பாடம் முடிந்ததெனக் கொள்ளலாம். பாரீசு நகரத்து அந்நிலையத்தை அவர் பன்னிரண்டு முறை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். கண்ணாடியும் இரும்பும் வேய்ந்த கூரை. அதன்கீழ்க் கரிய எந்திரம். அதிலிருந்து நீலமும் வெண்மையுமாய்ச் சுருண்டெழும் ஆவி. ஆவியினூடே மங்கித் தெரியும் மாடிவீடுகள். தெய்வங்களும் அரசர்களும் போர்க்களங்களுமே ஓவியத்திற்கு உரியவை என்றிருந்தோர், இத்தகைய படங்களை முற்றுப்பெறாத கிறுக்கல் என்று எள்ளினர். ஒளி நொடிக்கு நொடி மாறும். மாறுமுன் அதைப் பற்றிவிட வேண்டும் என்பதே மனப்பதிவு ஓவியரின் கொள்கை.

அவ்வாறு வெளியில் நின்று விரைந்து தீட்ட அவர்களுக்குத் துணைநின்றது ஓர் எளிய பொருள். 1841இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் காப்புரிமை பெற்ற வெள்ளீய வண்ணக்குழாயே அது. அதற்கு முன்னர் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்து, குத்திப் பிழிந்து வந்தனர்! வெள்ளீயம் என்றதும் நெகிரி செம்பிலான் மாணவர்க்குச் சுங்கை ஊஜோங் நினைவுக்கு வரவேண்டும். அங்கு ஈய வருவாயை ஒட்டி எழுந்த பூசலே 1874இல் ஆங்கிலேயர் தலையிட வழிவகுத்தது. அந்த ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதற்காகவே 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிற்று.

மோனே தம் நிலையத்தைத் தீட்டிய அதே 1877இல், இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 பால்மரக் கன்றுகள் சிங்கப்பூர் வந்திறங்கின. பாரீசில் அதைப் பொருட்படுத்தியோர் இரார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்களில் மோட்டார் வண்டி பெருகியபோதுதான் அம்மரத்தின் விலை உலகுக்குப் புலப்பட்டது. ஈயம் சுமந்த பாதையின் இருமருங்கும் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தனர். மேலைநகரங்களின் வேகம் இங்கே லயத்துக் கூரையின்கீழ் உறங்கி, விடியுமுன் எழுந்தோரின் கைகளிலிருந்தே பிறந்தது.

மோனேயின் நிலையத்து மனிதர்க்கு முகமில்லை; தூரிகையின் ஓரிரு தீற்றல்களே அவர்கள். அது கலைஞனின் நோக்கம், குறைகூறுவதற்கில்லை. நம் தோட்டங்களின் பழைய புகைப்படங்களிலோ முகங்கள் தெளிவாகவே தெரிகின்றன. துரையின் பெயரும் கீழே காணப்படும். உளியும் வாளியும் ஏந்தி வரிசையாய் நிற்கும் தமிழர்க்குப் பெரும்பாலும் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்தான்.