ஆயி குளம் முதல் கொல்லை டிரம் வரை: புதுச்சேரியில் தண்ணீர் தானாக ஓடிய கதை

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு டிரம்மைப் பத்திப் பேசப் போறேன். கடையில கிடைக்குமே, 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம், அதேதான். மாடியிலிருந்து இறங்கும் மழைத்தண்ணியை அதுல பிடிச்சு, மோட்டார் இல்லாமல், சொட்டுக் குழாய் வழியா வீட்டுச் செடிகளுக்கு விடுறது. "இது வரலாற்று நிகழ்ச்சியாச்சே, இதுல வரலாறு எங்கே இருக்கு?"ன்னு நீங்க கேட்கலாம். இருக்கு. புதுச்சேரியின் முக்கால்வாசி வரலாறு தண்ணீரில்தான் இருக்கு.

எனக்கு இது தொடங்கினது ஒரு மல்லிச் செடியில. போன கோடையில் எங்க வீட்டு வாசல் மல்லிக்கு இலை நுனியெல்லாம் கருக ஆரம்பிச்சது. மண்ணுக்கு மேல வெள்ளையா ஒரு படிவு. பூச்சியோ நோயோன்னு நினைச்சு ஒரு இலையைக் கிள்ளி உரக்கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கலை. "போர்த் தண்ணி ஊத்துறீங்களா சார்? உப்பு" என்றார். எங்க வீட்டிலிருந்து கடற்கரை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. என் சின்ன வயசுல இதே தெருவில் கிணத்துத் தண்ணியில சோறு வடிச்சிருக்கோம். அந்தத் தண்ணி எங்கே போச்சு? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன்.

பூங்காவில் நிற்கும் மண்டபம்

பாரதி பூங்காவுக்குப் போனவங்க எல்லாரும் ஆயி மண்டபத்தைப் பார்த்திருப்பீங்க. வெள்ளை வெளேர்னு, கிரேக்க ரோமானியக் கட்டடம் மாதிரி நடுவுல நிற்கும். புதுச்சேரி அரசின் சின்னமும் அதுதான். ஒரு அரசாங்கம் தன் சின்னமாக ஒரு தண்ணீர் நினைவுச் சின்னத்தை வைத்திருப்பது சாதாரண விஷயம் இல்லை.

அதன் பின்னால் ஒரு கதை இருக்கு. இதில் எது வாய்மொழி, எது ஆவணம்னு பிரிச்சே சொல்லிடறேன். வாய்மொழி இப்படி: 1509 முதல் 1529 வரை ஆண்ட விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தார். இரவில் விளக்குகளோடு ஒரு மாளிகை தெரிய, கோயில் என்று நினைத்துக் கும்பிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னார். ஆயி அழுது கெஞ்சி, தன் வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டினாள். அதுதான் முத்திரையர்பாளையத்து ஆயி குளம்.

ஆவணத்தில் இருப்பது பிறகு நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கடலை ஒட்டிய வெள்ளை நகரத்தில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் பேரரசராக இருந்த காலம் அது. லாமைரெஸ் என்ற பொறியாளர், மேற்கே சுமார் 5 கிலோமீட்டர் தள்ளியிருந்த முத்திரையர்பாளையத்து ஊற்று நீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார். 1863 என்ற ஆண்டு இந்த வேலையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அதன் நினைவாகத்தான் மண்டபம். ஒரு தாசியின் பெயரைப் பேரரசர் காலத்துக் கட்டடம் தாங்கி நிற்கிறது.

ஒன்றை மட்டும் கவனிங்க. முத்திரையர்பாளையம் மேடு, கடற்கரை பள்ளம். தண்ணீர் அந்தச் சரிவில் தானாக இறங்கி வந்தது.

பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் வீடுகளில், வேறொரு ஏற்பாடு இருந்தது. அந்த வீடுகளை நினைச்சுப் பாருங்க. திண்ணை, தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம். நாலு பக்க ஓட்டுக்கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும். மூலைத் தகரத் தூம்புக்குக் கீழே மழை நாளில் அண்டாவும் குண்டானும் வரிசையா நிற்கும். எங்க அப்பாயி அந்தத் தண்ணியிலதான் பருப்பு வேக வைப்பாங்க; சீக்கிரம் வேகும்னு சொல்வாங்க. அது சரிதான், மழைநீரில் கடினத்தன்மை கிடையாது. இப்ப நாம டிரம்முன்னு சொல்றது அந்த அண்டாவுக்குப் பேரப்பிள்ளை.

ஆலைக்குள் பொங்கிய ஊற்று

அடுத்த கட்டம் 1870-களின் பிற்பகுதி. புதுச்சேரியின் சவானா பஞ்சாலை வளாகத்தில் தண்ணீருக்காக ஆழமாகத் துளை போட்டார்கள். தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வந்தது. இதை ஆர்ட்டீசியன் கிணறு என்பார்கள். வட பிரான்சின் ஆர்த்துவா பகுதியில் இப்படிப்பட்ட கிணறுகள் பெயர் பெற்றிருந்ததால் வந்த பெயர். இந்தச் செய்தி சென்னை வரைக்கும் போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டபிள்யூ. கிங், புதுச்சேரியின் இந்தக் கிணறுகளைப் பற்றியும், சென்னைக்கும் இப்படித் தண்ணீர் கிடைக்குமா என்பது பற்றியும் 1880-ல் எழுதினார்.

எப்படிப் பொங்குது? நம்ம ஊருக்கு அடியில் கடலூர் மணற்கல் என்ற அடுக்கு இருக்கு. அது மேற்கே மேட்டில் வெளியே தெரியும். அங்கிருந்து கடலை நோக்கிச் சரிஞ்சு இறங்கும். மேட்டில் விழும் மழை அந்த மணற்கல்லுக்குள் இறங்கி, களிமண் அடுக்குகளுக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். பள்ளத்தில் துளை போட்டால், மேட்டில் இருக்கும் தண்ணீரின் எடை இங்கே இருப்பதை மேலே தள்ளும். இதுவும் உயரம் செய்யும் வேலைதான். லாமைரெஸின் வாய்க்கால் தரைக்கு மேல் செய்ததை, மணற்கல் தரைக்கு அடியில் செய்தது.

உப்பு எப்படி உள்ளே வந்தது

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முழுமையானது. அதற்குப் பிறகு வந்த பத்து இருபது ஆண்டுகள் மின்மோட்டார்களின் காலம். நெல்லுக்கும் கரும்புக்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. ஊசுட்டேரி, பாகூர் ஏரி போன்ற ஏரிகளை நம்பியிருந்த விவசாயம் நிலத்தடி நீருக்கு மாறியது. ஏரியையும் வாய்க்காலையும் தூர்வார ஊர்கூடும் வழக்கம் தளர்ந்தது. பிறகு ஆலைகள், வீடுகள், அடுக்குமாடிகள். பொங்கிய கிணறுகள் பொங்குவதை நிறுத்தின. மேலே தள்ளிக்கொண்டிருந்த அழுத்தத்தை நாமே உறிஞ்சி முடித்துவிட்டோம்.

கடலோரத்தில் இதன் விலை அதிகம். நல்ல தண்ணீர் லேசு, கடல் தண்ணீர் கனம். அதனால் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் இருந்தால், அதற்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும். இதைத் திருப்பிப் பாருங்க. மேலே 1 அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும். ஏட்டுக் கணக்குதான், களிமண் அடுக்குகள் இருக்கும் இடத்தில் அப்படியே நடக்காது. ஆனா என் மல்லிச் செடி ஏன் கருகினதுன்னு புரிஞ்சுக்க இது போதும்.

சொட்டு எங்கிருந்து வந்தது

சரி, செடிக்கு வருவோம். கொஞ்சமா, நேரா வேருக்கு விடணும் என்ற யோசனை பழசு. சுடாத மெருகு பூசாத மண்பானையைச் செடி பக்கத்தில் புதைச்சு தண்ணி நிரப்பினால், அது கசிந்து வேருக்குப் போகும்... பதிவைக் கேட்டுத் திருத்திக்கிறேன், "சுட்ட, மெருகு பூசாத பானை"ன்னு சொல்லணும். சுடாத பானை கரைஞ்சுடும். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேளாண் நூல் ஒன்றிலேயே இந்த முறை இருக்கு.

இன்றைய சொட்டுக் குழாய்க்கு வழி திறந்தவர் சிம்கா பிளாஸ் என்ற இஸ்ரேலியப் பொறியாளர். 1930-களில் ஒரு மரம் மட்டும் பக்கத்து மரங்களைவிடப் பெரிதாக வளர்ந்திருப்பதைக் கண்டார். தோண்டிப் பார்த்தால், அதன் வேர்ப்பக்கம் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மலிவான பிளாஸ்டிக் குழாய் வரும் வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. 1965-ல் ஹட்ஸெரிம் என்ற கூட்டுப்பண்ணையோடு சேர்ந்து நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கியது. 1970-களில் இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களில் சோதனைகள் நடந்தன.

டிரம்மின் கணக்கு

இப்ப எங்க வீட்டுக் கொல்லைக்கு வாங்க. 600 சதுர அடி மாடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். ஆக 1 சென்டிமீட்டர் மழைக்கு 560 லிட்டர். ஆவியானது, சிந்தினதுன்னு ஐந்தில் ஒரு பங்கைக் கழிச்சாலும் 450 லிட்டர் கையில நிற்கும். அரை சென்டிமீட்டர் தூறலே ஒரு டிரம்மை நிரப்பிடும்.

மாடிக் குழாயைப் பாதியில் அறுத்து டிரம்முக்குத் திருப்பினேன். அதுக்கு முன்னாடி ஒரு டி போட்டு, கீழே மூடியோட ஒரு துண்டுக் குழாய். முதல் மழையில் வர்ற தூசியும் பறவை எச்சமும் அதில் போய்ச் சேரும். பிறகு திறந்து விட்டுடலாம். டிரம் வாயில் கொசுவலை கட்டாயம். டெங்குக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டையிடும், ஒரு சின்ன இடுக்கு போதும். ரசாயனம் வந்த டிரம்மை வாங்காதீங்க.

அடுத்தது மேடை. மூணு வரிசை ஹாலோ பிளாக், 60 சென்டிமீட்டர். நிரம்பின டிரம் 200 கிலோவுக்கு மேல், அதனால தரையை முதல்ல கெட்டிப்படுத்தணும். ஏன் மேடை? 1 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் வெறும் 0.1 பார். கடையில் "4 லிட்டர்"னு விற்கிற டிரிப்பர், 1 பார் அழுத்தத்தில்தான் மணிக்கு 4 லிட்டர் விடும். நம்ம டிரம் நிரம்பியிருக்கும்போது சுமார் ஒன்றரை லிட்டர், அடிமட்டத்துக்கு வரும்போது 1 லிட்டர்தான் விடும். எனக்கு இது தெரியாது. அழுத்தத்தைத் தானே சரிபண்ணும் விலை உயர்ந்த டிரிப்பரை வாங்கி மாட்டினேன். ஒரு சொட்டுக்கூட வரலை. அதுக்கு இதைவிடப் பல மடங்கு அழுத்தம் வேணும். சாதாரண டிரிப்பருக்கு மாறினதும் ஓட ஆரம்பிச்சது.

டிரம்மின் அடியிலிருந்து நாலு விரல் மேலே குழாய் வைங்க, வண்டல் கீழேயே தங்கும். அடுத்து சின்ன வடிகட்டி, அதிலிருந்து 16 மில்லிமீட்டர் குழாய், செடிக்கு ஒரு டிரிப்பர், கடைசியில் மூடி. மூடியை மாசம் ஒருதரம் கழட்டி ஓடவிட்டால் அடைப்பு வராது. என்கிட்ட 20 செடி. தினம் காலையில் ஒரு மணி நேரம் திறந்தால் 25 லிட்டர் போகும். ஒரு டிரம் ஒரு வாரம் வரும்.

இதை வெச்சு கோடையைத் தாண்டலாம்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம ஊருக்குப் பெரும்பாலான மழை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துடும். ஏப்ரல், மே மாசத்துல டிரம் காலி. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தப்போ, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. என் மாடி மட்டும் வாங்கினது 25,000 லிட்டருக்கு மேல். அதைப் பிடிக்க 125 டிரம் வேணும்.

அதனால டிரம்மைவிட முக்கியம், அதன் மேல்பக்கம் வழிந்தோடும் குழாய். உள்ளே வர்ற குழாய் எவ்வளவு அகலமோ, அதே அகலத்தில் ஒன்று வெச்சு, அதைத் தெருச் சாக்கடைக்கு விடாமல், சுவரிலிருந்து தள்ளி ஜல்லியும் மணலும் நிரப்பின உறிஞ்சு குழிக்கு விட்டிருக்கேன். டிரம்முக்குப் போறது செடிக்கு. வழியறது நிலத்துக்கு. அந்த 1 அடிக்கும் 40 அடிக்கும் நடுவுல நடக்கிற சண்டையில நல்ல தண்ணி பக்கம் அது சேரும். ஒரு வீடு செய்தால் எதுவும் மாறாது; ஒரு தெரு செய்தால் என்ன ஆகும்னு பார்க்க ஆசை. எதிர் வீட்டு அக்கா ஏற்கெனவே டிரம் வாங்கிட்டாங்க.

மல்லி? பழைய செடி போயிடுச்சு. ஐப்பசி மழையில புதுப் பதியன் வெச்சேன். இந்த வருஷம் பூத்தது.

அடுத்த அத்தியாயத்தில் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலோடு வர்றேன். உங்க வீட்டு முற்றத்தில் அண்டா வெச்ச நினைவு இருந்தா எழுதி அனுப்புங்க.