மாதேஸ்வரன் மலையும் மதராஸ் ஹெரால்டும்

மைசூர்வாழ் தமிழன்பர்களுக்கு மாதேஸ்வரன் மலையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சேலம், தருமபுரி, ஈரோடு ஆகிய பகுதிகளிலிருந்து இங்குக் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அது குலதெய்வத் தலம். அம்மலையைத் தன்னகத்தே கொண்ட கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. எல்லைக்கோடு மாறிற்று, மேட்டூர், பாலாறு வழியே வரும் அடியார் கூட்டம் மாறவில்லை. ஆண்டவனுக்கு வாகனம் புலி. எம் வீட்டாருக்கு வாகனம், எம் தந்தையார் 1969இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். அதனை இனி வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்ற வினா சென்ற ஆண்டு எம் இல்லத்தில் எழுந்தது. அதன் பொருட்டே இவ்வரலாற்றை எழுத நேர்ந்தது.

இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், சென்னையில் தோன்றியது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி. அதன் தொழிற்சாலை வண்டலூருக்கு அருகே இருந்தது. 1953இல் சுங்கத் தீர்வை ஆணையத்தின் பரிந்துரையை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. உதிரிப் பாகங்களைக் கப்பலில் கொணர்ந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அயல்நாட்டு நிறுவனங்கள் கடை கட்டிச் சென்றன. வங்கத்து அம்பாசடர், பம்பாய் ஃபியட், சென்னை ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றுமே நடுத்தரக் குடும்பத்தார் காணக்கூடிய கார்களாய் எஞ்சின. இம்மூன்றில் நம்முடையது எது என்று தமிழர் எவரையும் கேட்க வேண்டியதில்லை!

இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயர் பூண்டது. உருவம் தீட்டியவர் இத்தாலி நாட்டு மிக்கெலோட்டி. இக்காரின் அமைப்புக்குப் பின்னால் ஒரு சுவையான காரணம் உண்டு. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கூடு செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி ஒன்று 1953இல் விலைக்கு வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்வித்துக்கொள்ள வழியற்றுப்போகவே, தனிச் சட்டத்தின்மேல் பல துண்டுகளைப் போல்ட் போட்டு முடுக்கும் முறையைக் கையாண்டனர். அன்று நேர்ந்த நெருக்கடியே இன்று எம்போன்றோருக்கு வரமாயிற்று. துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். முன்பக்க மூடியோ மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாகக் கவிழும். மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் அமர்ந்தபடியே வேலை செய்வதைச் சிறுவனாக இருந்தபோது வியந்து நோக்கியிருக்கிறேன்.

எஞ்சின் 948 கன செண்டிமீட்டர். இன்றைய கணக்கில் மிகச் சிறியது. தாளபெட்டா கடந்து மலை தொடங்கியதும் அது முனகும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் ஹெரால்டுக்கு நிகர் ஹெரால்டுதான். சுமார் 25 அடி வட்டத்திற்குள் முழுதாகத் திரும்பிவிடும். அம்பாசடர்கள் பின்வாங்கி முன்வாங்கித் தடுமாறும் இடத்தில் எம் தந்தையார் ஒரே வீச்சில் திருப்பிவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்ப்பார். இறக்கத்தில் மட்டும் பேசமாட்டார். இதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்புடையவை. வளைவின் நடுவே வேகத்தைத் திடீரெனக் குறைத்தால் சக்கரம் உள்மடங்கி வால்புறம் வெளியே வீசும். வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். பின்னர் 1972இல் வந்த கெஸல் என்னும் காரில் சென்னைக் கம்பெனியார் இக்குறையை நீக்கி, நேரான பின் அச்சு வைத்தனர். இங்கிலாந்திலும் 1971இல் ஹெரால்டு நின்றுபோயிற்று. 1980களின் இறுதியில் சென்னைத் தொழிற்சாலையே மூடப்பட்டது.

அதன்பின் தொடங்கியது எங்கள் தேடல். முன்சக்கரத்தைத் தாங்கும் வெண்கலத் திருகு ஒன்று உண்டு, டிரன்னியன் என்பர். அதற்குக் கியர் எண்ணெய் இடவேண்டும், கிரீஸ் கூடாது. பட்டறை ஒன்றில் கிரீஸைத் திணித்துவிட்டார்கள். நானும் கவனியாமல் இருந்துவிட்டேன். ஹனூருக்கு அப்பால் திருகு இறுகி, தண்டு முறிந்து, சக்கரம் சாய்ந்தது. மெதுவாகச் சென்றமையால் பிழைத்தோம். ஆயினும் அப்பாகம் கிடைப்பது அரிதாக இல்லை. 1980 வரை இங்கிலாந்தில் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் காருக்கும் அதுவே பொருந்துமாதலால், அந்நாட்டு ஆர்வலர்களுக்காக இன்றும் செய்யப்படுகிறது. இவ்வகைக் கார்களுக்கென்றே 1977 முதல் அங்கே ஒரு கழகம் இயங்குகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் ஒழிந்தபின் வால்வு இருக்கைகளையும், எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் ரப்பர்க் குழாய்களையும் மாற்றினோம்.

கிடைக்காத பொருள் எது தெரியுமா? பின்கதவு! நான்கு கதவு ஹெரால்டு உலகில் வேறெங்கும் செய்யப்பட்டதில்லை. 1968இல் சென்னையில் தோன்றி, சென்னையோடே முடிந்தது. அயல்நாட்டார் வடித்த பாகம் கடல் கடந்து வந்து சேர்கிறது. நம்மவர் தாமே சிந்தித்துச் செய்த கதவுக்கோ, உடைந்த வண்டிகளைத் தவிர வேறு புகலிடமில்லை. அச்சுகள் எங்குச் சென்றனவோ! பெங்களூர் சிவாஜிநகரிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் ஈராண்டு அலைந்தேன்.

இதற்கிடையில்தான் என் மகன், "அப்பா, இதைப் பழங்கால வண்டியாகப் பதிந்துவிடுவோமே" என்றான். 2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த காருக்கு 20,000 ரூபாய் செலுத்தினால் தனிப் பதிவெண்ணும் பத்தாண்டு உரிமையும் கிடைக்கும். மதிப்புக்குரிய ஏற்பாடுதான். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டி கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், எண்ணெய் போடவும், பழுது பார்க்கவுமே சாலையில் இறங்கலாம். மாதேஸ்வரன் மலைக்குப் போக இயலாது. சாதாரணப் பதிவையே தொடர்வதாயின் ஐந்தாண்டுக்கொரு முறை தகுதிச் சோதனை உண்டு. 2022க்கு முன் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ஆகி, 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆயிற்று.

என் மனைவி ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "மலைக்குப் போகாத வண்டி நமக்கு எதற்கு?" பத்தாயிரம் கட்டினோம்.

புதுப்பேட்டையில் கதவும் அகப்பட்டது. எங்கள் வண்டி வெளிர்நீலம், கதவு பச்சை. வண்ணம் பூச நேரமில்லை. சிவராத்திரிக்கு அப்படியே மலையேறினோம். உச்சியில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வேன் ஒன்றிலிருந்து இறங்கிய முதியவர் ஒருவர், பச்சைக் கதவைத் தொட்டுப் பார்த்து, "இது நம்ம ஊர் வண்டியாச்சே!" என்றார்.