பயணியர் கண்ட ஜப்பான்

சுவாமி விவேகானந்தர் 1893ஆம் ஆண்டு பம்பாயில் கப்பலேறி, கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியே ஜப்பான் சென்றார். பினாங்கினின்று சிங்கப்பூர் செல்லுங் கப்பல் நமது சபாக் கரையைக் கடந்தே போதல் வேண்டும். அவர் குறித்தெழுதியதோ எதிர்க்கரைச் சுமத்திராவின் மலைகளை! சதுப்புக்காட்டில் கண்டெழுத என்ன இருந்தது?

ஜூலை 10ஆம் நாள் யோக்கஹாமாவிலிருந்து சென்னை அன்பர்க்கு அவர் விடுத்த கடிதம் இன்றும் படிக்கத்தக்கது. கோபேயில் கப்பலை விட்டுத் தரைவழியே சென்று ஒசாக்கா, கியோத்தோ, தோக்கியோ மூன்றையும் பார்த்தார். தெருக்களின் தூய்மை அவரைக் கவர்ந்தது. கோயில்களிற் பழைய வங்க எழுத்தில் வடமொழி மந்திரங்கள் இருக்கக் கண்டார். மந்திரத்தோடு நின்றுவிடாமல் தீக்குச்சி ஆலையையும் பார்த்து வந்தாரே, அதுவே நமக்குப் பெரிதாகப் படுகிறது. நம் இளைஞர் ஆண்டுதோறும் அங்குச் சென்று வரவேண்டுமென்றும் எழுதினார்.

அங்ஙனம் சென்றவருள் ஒருவர் கோட்டையூர் ஏ. கே. செட்டியார். 1930களில் தோக்கியோவிற் புகைப்படக் கலை பயின்ற அவர், பயண நூலைத் தமிழில் தனி இலக்கியமாகவே வளர்த்தார்.

இரவீந்திரநாத தாகூர் 1916இல் சென்றபோது யோக்கஹாமாவிலுள்ள சங்கேயன் என்னும் பூந்தோட்டத்தில் தங்கினார். குளமும், கியோத்தோப் பக்கத்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்திய மூன்றடுக்குக் கோபுரமும் உடைய அத்தோட்டத்தைப் புகழாத பயணியில்லை. அதன் உடையவர் ஹாரா என்னும் பட்டு வணிகர். 1902 முதல் தோமியோக்காப் பட்டு ஆலை அவர் நிறுவனத்தின் கையிலிருந்தது. அங்கே கொதிநீர்க் கூட்டிலிருந்து நூலிழுத்தவர் இளம்பெண்கள். தோட்டத்தைப் பாடியவர்களுள் எத்தனை பேர் அவ்வாலை வாயிலை மிதித்திருப்பர்? தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்கு இது புதிதன்று. வரும் விருந்தினர் பங்களாத் திண்ணையில் நின்று நிரையின் ஒழுங்கை வியப்பர். லயத்துப் பக்கம் திரும்பார்.

ஆயினும் தாகூர் பூவோடு மயங்கிவிடவில்லை. கொரியாவை ஜப்பான் விழுங்கி ஆறாண்டே ஆகியிருந்தது. மேல்நாட்டாரின் ஆதிக்க வெறியைக் கற்காதீர் என்று தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் பேசினார். திரள் திரளாய் வரவேற்றவர் அதன்பின் விலகிக்கொண்டனர். அவ்வுரையைக் காட்டிலும் செர்ரிப்பூ வருணனையே நம்மவர்க்கு இனித்தது போலும்.

1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியப் படை பெர்னாம் ஆற்றங்கரையின் ஊத்தான் மெலிந்தாங்கில் இறங்கிற்று. சென்னைக் கடிதத்திற் புகழ்பெற்ற அதே ஒழுங்கும் சுறுசுறுப்பும் துப்பாக்கி ஏந்தி நம் வாயிலுக்கு வந்தன. சயாம்–பர்மா இருப்புப்பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இணைக்கப்பெற்றது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். வாந்திபேதியிலும் மலைக்காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தவரும் பல்லாயிரவர்.

இன்று அப்பாதையே காட்சிப்பொருள். காஞ்சனபுரிப் பாலத்தின்மேல் பல நாட்டார் நின்று படமெடுக்கின்றனர். அருகே ஏறக்குறைய 7,000 போர்வீரர் கல்லறைகள், புல் வெட்டிப் பூச்செடி வைத்து, வரிசை பிசகாமல் இருக்கின்றன. நம்மவர்க்கு அத்தகைய பெயர் பொறித்த வரிசை கிடையாது. 1944இல் ஜப்பானியரே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று பாலத்தருகே உண்டு. அதிற் பல மொழிகளோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. செல்வோர் அதனருகேயும் சற்று நிற்பார்களாக.