ஒரு கட்டடம், இரு தெருக்கள்: ஹெப்டன் பிரிட்ஜ் ஆலைநகரின் பழைய ஒளிப்படங்கள்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயரில், பென்னைன் மலைகளுக்கு இடையே கால்டர் ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கில் ஹெப்டன் பிரிட்ஜ் என்னும் சிறுநகரம் அமைந்துள்ளது. ஆங்கிலக் கவிதை பயில்வோர் இப்பள்ளத்தாக்கை டெட் ஹியூஸ் வழியாக அறிவர். அவர் 1930இல் பிறந்த மைத்தம்ராய்டு இந்நகருக்கு அண்மையில் உள்ளது. 1979இல் வெளிவந்த ‘ரிமெய்ன்ஸ் ஆஃப் எல்மெட்’ என்னும் நூலில் அவருடைய கவிதைகளோடு ஃபே காட்வின் எடுத்த கருப்பு வெள்ளை ஒளிப்படங்களும் இடம்பெற்றன. பாழ்பட்ட ஆலைகள், கற்சுவர்கள், மேட்டுநிலப் புல்வெளிகள் ஆகியவை அவற்றில் மிகுதி, மனிதர் அரியர். அந்நூலை மட்டும் கொண்டு இவ்வூரின் வரலாற்றை அறிய முற்படுவோர், மடிந்துபோன தொழிலின் எச்சத்தையே காண்பர். தொழில் நடந்த காலத்து ஊரைக் காண வேறொரு படத்தொகுதியை நாட வேண்டியுள்ளது.

அத்தொகுதி உள்ளூர் ஒளிப்படக் கூடம் ஒன்றில் உருவானது. கிராஸ்லி வெஸ்டர்மன் என்பவரின் கூடத்தில் ஆலிஸ் லாங்ஸ்டாஃப் 1921இல், சிறுமியாக இருந்தபோதே, பணியில் சேர்ந்தார். பின்னர் அக்கூடத்தைத் தாமே ஏற்று நடத்திய அவர் 1992இல் மறைந்தார். தாம் எடுத்த படங்களோடு, தமக்கு முன்னிருந்தோர் எடுத்த கண்ணாடித் தகடுகளையும் அவர் காத்து வைத்திருந்தார். திருமணங்கள், ஊர்வலங்கள், கடைத்தெருக்கள், பள்ளிக் குழந்தைகள் எனக் கூலி பெற்றும் விருப்பத்தின் பேரிலும் எடுக்கப்பட்ட இப்படங்கள் எதையும் மெய்ப்பிக்க எடுக்கப்பட்டவை அல்ல. அவற்றின் சான்றுமதிப்புக்கு அதுவே காரணம் எனலாம்.

இந்நகரம் மலையுச்சியிலிருந்து கீழிறங்கி வந்த நகரமாகும். கைத்தறிக் காலத்தில் மக்கள் மேலேயுள்ள ஹெப்டன்ஸ்டாலில் வாழ்ந்தனர். ஓடைநீரின் விசையால் இயங்கிய ஆலைகளும், பின்னர் நீராவி ஆலைகளும் பள்ளத்தாக்கின் அடியில் எழுந்தன. 1804இல் முழுமையடைந்த ராச்டேல் கால்வாயும், 1841இல் நிறைவுற்ற மான்செஸ்டர் – லீட்ஸ் இருப்புப்பாதையும் இவ்வழியே சென்றன. ஃபஸ்டியன் எனப்படும் தடித்த பருத்தித் துணியே இங்குச் சிறப்புத் தொழில். கார்டுராய், மோல்ஸ்கின் ஆகியன அதன் வகைகள். உழைப்பாளர்க்கான கால்சட்டைகள் பெருமளவில் இங்குத் தைக்கப்பட்டமையால் ‘கால்சட்டை நகரம்’ என்னும் பட்டப்பெயரும் ஏற்பட்டது. (ஆங்கிலத்தில் ஃபஸ்டியன் என்னும் சொல் வெற்று ஆரவார நடையையும் குறிக்கும். சொல்லாய்வாளர் அதன் மூலத்தைக் கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்துடன் தொடர்புபடுத்துவதும் உண்டு.)

ஆறு, கால்வாய், இருப்புப்பாதை, ஆலை ஆகியவை சமதளத்தைக் கைக்கொண்ட பின்னர், தொழிலாளர் வீடுகளுக்குச் செங்குத்தான சரிவே எஞ்சியது. அதற்குக் கண்ட தீர்வு, வீட்டின்மேல் வீடு. கீழ்வீடு இரண்டு தளங்கள் கொண்டது. அதன் வாயில் கீழ்த்தெருவில் இருக்கும். பின்புறம் மலைமண்ணோடு ஒட்டியிருப்பதால் அங்குச் சன்னல் இல்லை. அதற்கு மேலுள்ள இரண்டு தளங்கள் வேறொரு குடும்பத்தின் வீடு. அதன் வாயில் மறுபுறத்தில், சரிவில் உயர்ந்து செல்லும் மேல்தெருவில் இருக்கும்.

இந்த அமைப்பை அறியாதவர்க்கு இப்படங்கள் பொய் சொல்லும். கீழிருந்து எடுத்த படத்தில் ஓங்கிய நான்கு தள மாளிகை வரிசை தெரியும். அதே கட்டடத்தை மேல்தெருவிலிருந்து எடுத்தால் எளிய இரண்டு தளச் சிறுவீடு தெரியும். செல்வம், வறுமை ஆகிய இரண்டுக்கும் ஒரே கட்டடத்தைச் சான்றாகக் காட்டிவிட முடியும். கல்வெட்டைப் படிப்பவர் அது கோயிலின் எந்தச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளது என்று கேட்பதுபோல, இங்குப் படம் எந்தத் தெருவில் நின்று எடுக்கப்பட்டது என்பதை முதலில் கேட்க வேண்டும். கீழ்வீட்டின் இருளும் ஈரமும் எந்த முகப்புப் படத்திலும் பதிவாகா.

நிறத்திலும் இத்தகைய இடர் உண்டு. இவ்வூர்க் கட்டடங்களின் கல் இயல்பில் இளம்பழுப்பு நிறமானது. ஆலைப் புகையால் கரியேறியது. கருப்பு வெள்ளைப் படத்தில் நிழல் எது, கரி எது என்று பிரித்தறிதல் கடினம். பிற்காலத்தில் பல கட்டடங்கள் துப்புரவு செய்யப்பட்டமையால், இன்று ஊரைக் காண்பவர் பழைய படங்களின் இருளை முழுவதும் ஒளிப்படக் கலையின் குறையென்றே கருதக்கூடும்.

படங்களில் குறைவாகவே வெளிப்படுவது உழைப்பு. ஃபஸ்டியன் துணியில் மேலெழுந்து நிற்கும் ஊடை இழைகளை நீண்ட மெல்லிய கத்தியால் வரிவரியாக அறுக்க வேண்டும். நீள மேசையில் இறுக்கிக் கட்டிய துணியின் ஓரமாக அறுப்பவர் நாள்முழுதும் நடந்துகொண்டேயிருப்பார். மங்கிய ஒளியுள்ள கூடத்தில் இவ்வசைவை அக்காலத் தகடு எளிதில் பற்றாது. படத்திற்காக அவர் நிற்க வேண்டும். நின்ற கணத்தில் தொழில் மறைந்துவிடுகிறது. இத்தொழிலாளரே 1870இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவி, பின்னர் நட்கிளஃப் ஆலையைத் தமதாக்கி நடத்தினர். 1918இல் அது கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தின் வசமாயிற்று. 1906 முதல் 1908 வரை ஃபஸ்டியன் நெசவாளர் வேலைநிறுத்தம் நடைபெற்றது. பெண்கள் வாக்குரிமைப் போராளி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1907இல் இங்கு வந்து அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார். கூடத்தில் எடுத்த உருவப்படத்தில் நல்லாடை உடுத்தி அமர்ந்திருக்கும் பெண், அந்நாளில் வேலைநிறுத்தம் செய்தவரா, செய்யாதவரா என்பதை அவர் முகம் சொல்லாது. அதற்குச் செய்தித்தாளையும் சங்கக் குறிப்பேட்டையுமே நாட வேண்டும்.

எனினும், ஏடுகள் தாராத ஒன்றைப் படங்கள் தருகின்றன. பிரிட்ஜ் லேன்ஸ் பகுதியின் உயர்ந்த வீட்டு வரிசைகள் 1960களில் இடிக்கப்பட்டன. அங்கே படிக்கட்டு எங்கே திரும்பியது, துணி உலர்த்தும் கயிறு எந்தச் சன்னலிலிருந்து எதற்குச் சென்றது, குழந்தைகள் எந்த வாயிற்படியில் அமர்ந்தனர் என்பன இன்று படத்தில் மட்டுமே உள்ளன. இடிபடாது எஞ்சிய வரிசைகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். அவற்றில் மேல்வீட்டுக்கு ஒரு தெருப்பெயர், கீழ்வீட்டுக்கு வேறொரு தெருப்பெயர். ஆகவே ஒரு தெருவின் பெயரை மட்டும் எழுதி அடுக்கப்பட்ட படத்தில், அதே சுவருக்குள் வாழ்ந்த மற்றொரு குடும்பம் தலைப்பில் இடம்பெறாமலே இருக்கிறது.