பெட்டிக்கு முன் மென்பொருள்

டிஜே கன்ட்ரோலர் வாங்குவோர் முதலில் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். மென்பொருளைப் பிறகு யோசிக்கிறார்கள். இத்துறையின் வரலாறு இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் எந்த நிறுவனத்தின் இசைத்தட்டும் ஓடியது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எந்த அரங்குக்கும் போகலாம். 2004இல் நியூசிலாந்தின் செராட்டோ, அமெரிக்காவின் ரேன் நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்கிராட்ச் லைவ் மென்பொருளை வெளியிட்டபோது அந்தச் சுதந்திரம் சுருங்கியது. அதற்கான தட்டில் பாட்டு இல்லை, கட்டுப்பாட்டு ஒலி மட்டுமே. முள் அதைப் படிக்க, பாட்டு கணினியிலிருந்து ஒலித்தது. ரேன் தயாரித்த கருவி இல்லாமல் அதில் வாசிக்க முடியாது. பின்வந்த கன்ட்ரோலர்கள் தட்டையும் முள்ளையும் விட்டன. மென்பொருளுக்கும் கருவிக்கும் இடையிலான இந்தப் பிணைப்பை விடவில்லை.

கை பழகுவது கன்ட்ரோலரின் சக்கரத்திலும் ஃபேடரிலும்தானே என்பார்கள். உண்மைதான், மட்டமான சக்கரத்தில் ஸ்கிராட்ச் கற்பது பெரும்பாடு. ஆனால் புதிய சக்கரத்துக்குக் கை விரைவில் பழகிவிடும். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஆண்டுக்கணக்காக இட்ட, பாட்டுக்குள் இடம் குறிக்கும் க்யூ புள்ளிகளும் தாளக் கட்டங்களும் செராட்டோவிலிருந்து ட்ராக்டர், ரெக்கார்ட்பாக்ஸ் போன்ற பிற மென்பொருள்களுக்கு அப்படியே எளிதில் இடம்பெயர்வதில்லை. 2009இல் பயனியர் ரெக்கார்ட்பாக்ஸைக் கொண்டுவந்த பிறகு, மடிக்கணினி இல்லாமல், அதில் பாட்டுகளை ஏற்றிய யுஎஸ்பியோடு மட்டும் கிளப்புக்குப் போவது வழக்கமாயிற்று. கிளப் மேடையை நாடுபவர் வீட்டிலும் ரெக்கார்ட்பாக்ஸிலேயே தொடங்கட்டும். ஸ்கிராட்சுக்காக வருபவர் செராட்டோவில்.