எழுத்து பிடிபடாத பிள்ளைகள்

1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலை தேடி வந்த குடும்பங்கள் அக்கம்பக்கத்திலேயே குடியேற, பிள்ளைகளும் அங்கேயே பள்ளிக்குப் போனார்கள். கேட்ட கதையை வரி பிசகாமல் சொல்லும் பையன், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எழுத்துகளை விழுங்கினால் ‘மக்கு’, ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கினான். பத்தாவதில் தவறினால் லேத் பட்டறை.

மருத்துவ உலகம் இதை வெகுகாலம் முன்பே கவனித்திருந்தது. 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், கணக்கு நன்றாக வரும். ஆனால் தன் பெயரையே ‘பிரெசி’ என்று எழுதினான். அது தப்பு என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. ‘கற்றல் குறைபாடு’ என்ற பெயரை அமெரிக்கக் கல்வியாளர் சாமுவேல் கிர்க் பரவலாக்கியது 1963இல்.

சென்னையில் முதலில் களமிறங்கியவர்களில் பெற்றோரும் இருந்தார்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக 1991இல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் உருவானது. பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி தந்தது, ஆசிரியர்களையும் பழக்கியது.

இத்தகைய பயிற்சியில் கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். தட்டில் மணலைப் பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிள்ளை எழுத்தை விரலால் எழுதும். நம் திண்ணைப் பள்ளிகளுக்கு இது புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் பள்ளிக்கும் அதையே கொண்டுவந்தார்.

சட்டம்தான் தாமதமாக விழித்தது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்ன 7 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றபோதுதான் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் வரும் குறைபாடுகளும் இடம்பெற்றன.

இன்று ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருக்கும் பெற்றோர், பள்ளி வழியாக வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அணுகலாம். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் கேட்கலாம். சான்றிதழுக்கு 8 வயதாக வேண்டும். உதவிக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்கும் பொறுப்பை, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளிடமே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு ஒப்படைத்திருக்கிறது. தயங்காமல் போய்க் கேட்க அதுவே போதும்.